பொழுதுபோக்காக ஸ்கூபா டைவிங் செய்பவர்களும் அவர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனங்களும் உண்மையிலேயே கடலைக் காக்க நினைக்கிறார்களா?

அப்போது எனக்கு முப்பது டைவ்கூட ஆகியிருக்காது. கட்டைவிரல் அளவில் ஒரு கடல் நத்தை. அதைப் படம் எடுக்கக் குனிந்தேன். கேமரா ஆடக்கூடாது என்பதிலேயே கவனம் இருந்ததால் கால் எங்கே இருக்கிறது என்பது மறந்துபோனது. பின்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அது என் வேலைதான் என்று தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், மான்கொம்பு போலக் கிளைவிட்டிருந்த பவளத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஒடிந்து, ஒடிந்த முனை வெள்ளையாகத் தெரிகிறது. கூட வந்த பயிற்றுநரும் அதைப் பார்த்தார். படகில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “படம் நல்லா வந்துச்சா?” அந்தப் படகின் பக்கவாட்டில் ‘கடலைக் காப்போம்’ என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

எனக்குத் தெரிந்தவரை, டைவர்களுக்குக் கடல்மேல் இருக்கும் பாசத்தில் பொய் இல்லை. நிறுவனங்கள் செய்வதும் முழுக்க நாடகம் இல்லை. ஆனால் வருமானத்தில் கை வைக்காத வேலை என்றால் முந்திக்கொண்டு செய்கிறார்கள். வருமானத்தைத் தொடும் இடம் வந்ததும் குரல் இறங்கிவிடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டைவிங் கற்று முடித்தவர்களுக்கு உலகம் முழுக்கச் சான்றிதழ் அட்டை வழங்கும் பெரிய நிறுவனமான பி.ஏ.டி.ஐ., 1989இல் ‘அவேர்’ என்ற சுற்றுச்சூழல் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அது லாப நோக்கமில்லாத தனி அமைப்பாகவே ஆனது. 2011இல் தொடங்கிய அவர்களுடைய ‘டைவ் அகெய்ன்ஸ்ட் டெப்ரி’ திட்டத்தில், டைவர்கள் கடலடிக் குப்பையை மேலே கொண்டுவருவதோடு நிறுத்தாமல், எண்ணி, வகை பிரித்து, எடுத்த இடத்தோடு பதிவு செய்கிறார்கள். கரையில் ஒதுங்கும் குப்பையை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். இருபது மீட்டர் ஆழத்தில் பாறையைச் சுற்றிக்கொண்டு கிடக்கும் தூண்டில் நரம்பை டைவர் போகாமல் யார் எண்ணுவது? அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸின் மாநாடு 2013இல் பாங்காக்கில் நடந்தது. அதில் சுத்தியல்தலைச் சுறாக்களும் மான்டா திருக்கைகளும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் அவேர் அமைப்பும் உண்டு. அட்டை விற்கும் தொழிலோடு தொடர்பில்லாத ‘ரீஃப் செக்’ போன்ற அமைப்புகளும் 1990களிலிருந்து சாதாரண டைவர்களைப் பழக்கி, மீனையும் பவளத்தையும் கணக்கெடுத்து வருகின்றன. விடுமுறைக்குப் போன இடத்தில் ஸ்லேட்டும் பென்சிலுமாக மீன் எண்ணுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை விளம்பரப் பிரியர்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுறாவைக் காப்பாற்றுவது டைவ் தொழிலுக்கும் லாபம். பசிபிக் தீவு நாடான பலாவுவில் நடந்த ஓர் ஆய்வு, டைவர்கள் பார்க்க வரும் ஒரு சுறா தன் ஆயுள் முழுக்கச் சுற்றுலாவுக்கு ஈட்டித் தருவது ஏறக்குறைய 19 லட்சம் டாலர் என்றும், அதையே பிடித்து விற்றால் நூறு டாலர் சொச்சம்தான் தேறும் என்றும் கணக்கிட்டது. பலாவு 2009லேயே தன் கடல் முழுவதையும் சுறாக்களுக்கான சரணாலயமாக அறிவித்திருந்தது. லாபமும் நல்லதும் ஒரே பக்கம் நிற்கும்போது ஆதரிப்பதில் தப்பே இல்லை. ஆனால் அதை வைத்து ஒருவருடைய மனதை எடைபோட முடியாது. இரண்டும் எதிரெதிராக நிற்கும்போது என்ன செய்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படி எதிரெதிராக நிற்கும் இடம் என் துடுப்புக் காலணிதான்.

கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் 353 டைவர்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. நான்கில் மூன்று பங்குப் பேர் ஒரு டைவுக்குள் ஒரு தடவையாவது பவளத்திட்டைத் தொட்டார்கள், இடித்தார்கள். பெரும்பாலும் வேண்டுமென்று இல்லை, கால்பட்டுத்தான். கேமரா வைத்திருந்தவர்கள் அதிகம் இடித்தார்கள் (என்னை யாரோ பார்த்துக்கொண்டே எழுதியது போல இருந்தது). டைவுக்கு முன்னால் ‘பவளத்தைத் தொடாதீர்கள்’ என்று ஒரு வரி சொல்லி அனுப்பியதால் எந்தப் பலனும் இல்லை. தண்ணீருக்குள் வழிகாட்டி கவனித்து, தப்பு செய்கிறவரை அங்கேயே தடுத்தபோதுதான் இடிப்பது கணிசமாகக் குறைந்தது. அதற்கு முன்பே, எகிப்தின் ராஸ் முகமது தேசியப் பூங்காவில் 1990களில் செய்து பார்த்ததில், முக்கால் மணிநேரம் உட்காரவைத்து விளக்கி, தண்ணீரிலும் செய்துகாட்டினால், ஏழு நிமிடத்துக்குச் சராசரியாக 1.4 தடவை தொட்டவர்கள் 0.4க்கு இறங்கினார்கள்.

ஆக, மருந்து என்னவென்று பல வருடமாகத் தெரியும். நிதானமான பயிற்சி, சின்னக் குழு, தட்டிக் கேட்கும் வழிகாட்டி. மூன்றுமே செலவு. ஒரு வழிகாட்டி எட்டுப் பேரைக் கூட்டிப் போகிற இடத்தில் நான்கு பேர் என்றால் வரும்படி பாதி. தட்டிக் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், டிப்ஸ் தரமாட்டார், அடுத்த தடவை பக்கத்துக் கடைக்குப் போவார்.

அப்புறம் அடிப்படைப் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த கடலில் நான்கு டைவ் முடித்தால் கையில் அட்டை. நீந்தத் தெரிந்தவர் மூன்று நான்கு நாளில் முடித்துவிடலாம். நான் கற்றுக்கொண்டபோது பாதிப் பயிற்சியை மணலில் முட்டிபோட்டுத்தான் செய்தேன். முகமூடியில் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவதும் அப்படித்தான், வாயிலிருந்து கழன்ற ரெகுலேட்டரை, அதாவது மூச்சுக்குழாயின் வாய்ப்பகுதியைத் தேடிப் பிடிப்பதும் அப்படித்தான். மிதந்தபடி அசையாமல் நிற்பது, அதாவது மிதப்புக் கட்டுப்பாடு, கடைசியில் ஒரு சடங்கு மாதிரி வந்துபோனது. மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் மூச்சாலேயே உடம்பை நிறுத்தத் தெரியாதவர் பவளத்தைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்து என்ன பயன்? இப்போது பாடத்திட்டத்தில் மிதப்புக்கு முன்னைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் மிதப்பைச் செம்மையாக்குவது தனி ஸ்பெஷாலிட்டி கோர்ஸ், அதற்குத் தனிக் கட்டணம், தனி அட்டை. குப்பை எடுக்கவும் ஒரு கோர்ஸ் உண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிரேக் பிடிக்க வேறு கட்டணம் கேட்பது போல.

கட்டுப்பாடு என்று வரும்போது யார் முன்னால் நின்றார்கள் என்று பார்த்தாலும் இதே கதைதான். மலேசியாவின் சிப்பாதான் தீவிலிருந்து விடுதிகளை 2004இல் வெளியேற்றி, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அனுமதிச் சீட்டு முறை கொண்டுவந்தது அரசாங்கம். கரீபியத் தீவான பொனேரில் 1979இல் கடல் பூங்கா அமைந்தது. அங்கே கையுறை போட்டுக்கொண்டு டைவ் செய்யக்கூடாது. கையுறை இருந்தால் கை தானாகப் பவளத்தைப் பிடிக்கப் போகும். அங்கு போகிறவர் எத்தனை அட்டை வைத்திருந்தாலும் முதலில் ஒரு சோதனை டைவ் செய்துகாட்ட வேண்டும். அட்டையை மட்டும் நம்பத் தயாரில்லை என்று அந்தப் பூங்கா நாசூக்காகச் சொல்வதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஆனால் அதே பொனேரில்தான் என் வாதத்தைக் கொஞ்சம் ஆட்டிவைக்கும் மனிதரும் இருந்தார். கேப்டன் டான் ஸ்டூவர்ட் 1962இல் அங்கே போய்ச் சேர்ந்தவர். ஆரம்பத்தில் வண்ணமீன்களைப் பிடித்து மீன்தொட்டிகளுக்கு அனுப்பினார், பிறகு டைவ் விடுதி நடத்தினார். பச்சை வியாபாரிதான். ஆனால் படகுகள் நங்கூரம் போட்டுப் பவளத்தை நொறுக்குவதைப் பார்த்து, நிரந்தர மிதவைகளில் படகைக் கட்டும் ஏற்பாட்டுக்கு முன்நின்றார். ஈட்டியால் மீன் குத்துவதை அந்தத் தீவு 1971இல் தடைசெய்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆக, வியாபாரி என்றால் அக்கறை இருக்காது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிப்பட்டவர்களை எந்த அட்டையும் உருவாக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

சமீபத்திய மாற்றம் ஒன்றையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோடு சேர்ந்து 2004இல் தொடங்கிய ‘க்ரீன் ஃபின்ஸ்’, டைவ் கடைகள் உண்மையில் எப்படி நடந்துகொள்கின்றன என்று மதிப்பெண் போடுகிறது. 2023இலிருந்து பி.ஏ.டி.ஐ.யும் அதை ஏற்று, தேறும் கடைகளுக்குத் தனி அடையாளம் தருகிறது. ஸ்டிக்கரைவிட இது எவ்வளவோ மேல். சேருவது கடைக்காரர் விருப்பம் என்பதுதான் இடிக்கிறது.

விமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் சூடாகிப் பவளம் வெளுப்பதோடு ஒப்பிட்டால் என் துடுப்பு ஒடித்த கிளை ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தச் சூட்டுக்குக் காரணமான புகையில், பவளம் பார்க்க நான் ஏறிய விமானத்தின் பங்கும் இருக்கிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. முன்பு வருடத்துக்கு இரண்டு பயணம் போனேன், இப்போது இரண்டு வருடத்துக்கு ஒன்று, கூடுதல் நாள் தங்குகிறேன். அவ்வளவுதான்.

டைவ் கடை தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்பது ஒரே கேள்வி: பவளத்தை இடிக்கிறவரை என்ன செய்வீர்கள்? பெரும்பாலான இடங்களில் சிரித்து மழுப்புவார்கள். ஒரு இடத்தில் மட்டும் வழிகாட்டியாக இருந்த ஓர் அம்மா யோசிக்காமல் சொன்னார், “முதல் தடவை காலைத் தட்டுவேன். ரெண்டாவது தடவை மேலே கூட்டிட்டு வந்துடுவேன்.” சொன்னபடியே இரண்டாவது நாள் என் துடுப்பைத் தட்டினார். படகுக்கு வந்ததும் கேமராவை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அடுத்த டைவில் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் அசையாமல் மிதக்கச் சொன்னார். எனக்கு முகம் தொங்கிப்போனது. நான்கு பேருக்கு மேல் அவர் கூட்டிப் போவதில்லை. கட்டணமும் மற்ற கடைகளைவிட அதிகம்தான்.