குப்பி விளக்கே போதும் என்று யார் சொன்னது?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். லயத்து வரிசை வீட்டை விட்டு, ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்குப் போன வருடம் வந்தோம். கணவருக்குக் கொழும்பில் வேலை. மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை வருகிறது, அப்புறம் கல்லறைத் திருநாள், நத்தார். ஒவ்வொன்றுக்கும் என்ன வகை மெழுகுதிரி வாங்கலாம்? வீட்டில் கொளுத்த வாசனைத் திரி நல்லதா? மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போவதால் அதற்கும் வேண்டும். ஹாலுக்கு இரண்டு, மகள் படிக்கும் மேசைக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பின்னறையில் இருக்கும் மாமிக்குத் தேவைப்படாது, அவருக்குப் பழகிய மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே போதும். என் கணவரே அந்த விளக்கில் படித்து முன்னேறியவர்தான். மாமனாரின் கல்லறை மேட்டுக்கு மாமியால் ஏற முடியாது என்று போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு அவரை வீட்டில் விட்டுத்தான் போனோம்.

பதில்:

தங்கச்சி, மெழுகுதிரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் 'குப்பி விளக்கே போதும்' என்ற இடத்துக்கு வாருங்கள்.

போதும் என்று மாமி சொன்னாரா, நீங்கள் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. மாமியே சொல்லியிருந்தாலும் நான் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன். மலையில் கொழுந்தெடுத்துக் காலம் கழித்த பெண்களின் வாயில் முதலில் வருவதே அந்த வார்த்தைதான். சோறு போட்டால் போதும். சேலை எடுக்கவா என்றால் இருக்கிறதே போதும். டொக்டரிடம் போவோமா என்றால் கொத்தமல்லித் தண்ணி போதும். இப்படிப் போதும் போதும் என்று மிச்சம் பிடித்த காசில்தான் உங்கள் கணவர் புத்தகமும் சப்பாத்தும் வாங்கியிருப்பார். அந்தப் 'போதும்' இப்போது உங்களுக்கு ஒரு திரியின் காசை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

கணவர் குப்பி விளக்கில் படித்தவர் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கியது யார்? கூரைத் தகரத்து இடுக்கால் காற்று அடிக்கும்போது கையைக் குவித்து மறைத்துக்கொண்டு பக்கத்தில் தூங்கித் தூங்கி விழுந்தது யார்? மறுநாள் விடியமுன் எழும்பி ரொட்டி தட்டி வைத்துவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடியது யார்? மகன் படித்து, வீடு கட்டி, வீட்டுக்குக் கரண்டும் எடுத்தாயிற்று. அவரை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவந்த அம்மா மட்டும் அதே விளக்கோடு பின்னறையில். உங்கள் மகள் இதைத் தினமும் பார்க்கிறாள். அப்பாயிக்கு எது போதும் என்பதை அவள் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறாள்.

நானும் லயத்துப் பிள்ளை. ஜேம் போத்தல் மூடியில் ஆணியால் துளை போட்டு, பழைய சீலைத் துண்டை முறுக்கி விட்டால் அதுதான் விளக்கு. காலையில் எழும்பி மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பராவில் இருந்த பாட்டியின் போர்வை நுனி பட்டு ஒரு ராத்திரி அந்தப் போத்தல் சரிந்தது. மூடி இறுக்கமில்லாததால் எண்ணெய் முழுவதும் கம்பளியில் ஊற்றிக்கொண்டது. பாட்டி பிழைத்தார். ஆனால் கடைசி வரை அவருடைய வலது கை விரல்கள் விரியவே இல்லை, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துத்தான் குடிப்பார். பழகிய விளக்கு என்கிறீர்களே, அவருக்கும் பழகிய விளக்குதான்.

நம் நாட்டில் இப்படி வெந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காத ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார், டொக்டர் விஜய கொடகும்புர. மார்மைட் போத்தலின் குட்டையான வடிவத்தைப் பார்த்து, சரியாத ஒரு விளக்கை அவர் உருவாக்கினார். தடித்த கண்ணாடி, உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை, எண்ணெய் கொட்டாமல் திருகி இறுக்கும் உலோக மூடி. 'சுதீப' என்று பெயர். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு போத்தல் விளக்கின் ஆபத்தை நிறுத்த ஒரு வைத்தியர் தன் வாழ்க்கையில் பல வருடங்களைக் கொடுத்திருக்கிறார். நீங்கள் அந்தப் பழைய போத்தலையே மாமி கட்டிலடியில் வைத்திருக்கிறீர்கள்.

நம் மலைநாட்டில் இருக்கும் லக்ஷபான நீர்மின் நிலையத்தில் 1950 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த ஆறுகள் ஓடும் மலைகளில் வேலை செய்தவர்களின் லயங்களுக்கு வெளிச்சம் வந்து சேர எத்தனை காலம் ஆனது என்று உங்கள் மாமியைக் கேளுங்கள். அவர் இருட்டில் இருந்தது போதும். இந்த இடத்தில் அந்த வார்த்தையை நான் சொல்கிறேன்.

சரி, இனி வாங்குவதைப் பார்ப்போம்.

முதல் காசு மாமியின் அறைக்கு. அங்கே குப்பி விளக்கும் வேண்டாம், மெழுகுதிரியும் வேண்டாம். வயதானவர் ராத்திரி எழும்பி நடக்கும் அறையில் கம்பளியும் போர்வையும் இருக்கும், நெருப்பு இருக்கக் கூடாது. ஒரு சார்ஜ் லைட் வாங்கிக் கட்டிலில் இருந்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டோர்ச். சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பது மகளின் வேலையாக இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், கரண்ட் போனதும் மாமியை ஹாலுக்குக் கூப்பிடுங்கள். ஹாலுக்கு இரண்டு, மேசைக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று என்று நான்கு திரியை நான்கு பக்கம் வைத்து நீங்கள் மூன்று பேரும் பிரிந்து உட்கார வேண்டிய தேவை என்ன? 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த ராத்திரிகளில் எங்கள் வீட்டில் ஒரே வெளிச்சம்தான். அதைச் சுற்றித்தான் சாப்பாடு, பாடம், செபமாலை எல்லாம். மகள் அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும்.

அந்த ஒரு வெளிச்சத்துக்குக் கடையில் பெட்டியாக விற்கும் வெள்ளைத் திரி தாராளமாகக் காணும். அது பெற்றோலிய எண்ணெயிலிருந்து எடுக்கும் பரஃபின் மெழுகு. மலிவு, நன்றாக எரியும். நிறுத்துகிற விதத்தில்தான் ஆபத்து. இரண்டு சொட்டு ஊற்றி பிளாஸ்டிக் கதிரையிலும் டீவி மேலும் ஒட்டி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். அகலமான கண்ணாடிக் குவளையில் பாதி வரை மணல் போட்டு அதில் நாட்டுங்கள், சரியாது, ஒழுகினாலும் மணலில் போகும். எரிகிற நூல் கால் அங்குலத்துக்கு மேல் நீண்டால் புகை கக்கி உங்கள் புதுச் சுவரைக் கறுப்பாக்கும், அணைத்துவிட்டு வெட்டுங்கள். ஜன்னல் இடுக்குக் காற்று படாத இடமாகப் பாருங்கள், காற்றில்தான் ஒரு பக்கமாக உருகி ஒழுகுகிறது. எங்காவது மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, நெருப்பு மேலே பாயும். சட்டி மூடியால் மூடுங்கள்.

வாசனைத் திரி கேட்டீர்கள். குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி வைக்கும் ஊர் நம்முடையது. சாத்திய வீட்டில் வாசனையும் புகையும் போக வழியில்லை, இருமல் உள்ள பெரியவருக்கு அது தொல்லை. ஆசையாக இருந்தால் பகலில், ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் கொளுத்துங்கள். சாப்பாட்டு மேசையில் வேண்டவே வேண்டாம், கருவாட்டுக் குழம்புக்கும் லாவெண்டருக்கும் சேராது. கண்ணாடிக் கிண்ணத்தில் வரும் சோயா மெழுகுத் திரி மென்மையானது, குளிரில் மேலே வெள்ளையாகப் பூத்த மாதிரித் தெரியும். பழுதில்லை, பயப்பட வேண்டாம்.

நத்தாருக்குத் தூண் மாதிரித் தடித்த திரி அழகாக இருக்கும். அதற்குப் பொறுமை வேண்டும். முதல் தடவை கொளுத்தும்போது மேல் மெழுகு ஓரம் வரை உருகும்வரை விடுங்கள், ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. அவசரப்பட்டு அணைத்தால் நடுவில் மட்டும் குழி விழுந்து திரி வீணாகும். குடிலைச் சுற்றி வைக்கோல் இருக்கும், அங்கே நெருப்பே வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள். தகரக் கிண்ணத்தில் வரும் டீ லைட் மூன்று நான்கு மணி நேரம் எரியும். கிண்ணமே சுடும் என்பதால் கீழே ஒரு பீங்கான் தட்டு வையுங்கள்.

புதுநன்மைக்குக் காசு பார்க்காதீர்கள். கிடைத்தால் தேன்மெழுகில் செய்த நீளத் திரி ஒன்று வாங்குங்கள். கோயில் பீடத்துக்குப் பழங்காலம் தொட்டுத் தேன்மெழுகுதான் மரியாதை. பரஃபினைவிட அதிக சூட்டில்தான் உருகும், லேசாகத் தேன் மணக்கும். சொட்டு கையில் விழாமல் காகிதக் கிண்ணம் ஒன்றைத் திரியில் மாட்டுங்கள். மகளின் முக்காட்டு வலையைப் பின்னால் ஊசி குத்திக் கட்டுங்கள், நைலோன் வலைக்கு ஒரு பொறி போதும். அந்தத் திரியை ஏற்றி மகள் கையில் கொடுக்கும் வேலையை அப்பாயிக்கு விடுங்கள்.

கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் திகதிக்கு மலைக்காற்றில் சும்மா திரி நிற்காது. உயரமான கண்ணாடிக் குவளைக்குள் வரும் திரிகள் இரண்டு வாங்குங்கள். மாமனாரின் கல்லறை மேட்டுக்கு மாமியால் ஏற முடியாது என்று இந்த வருடமும் வீட்டில் விட்டுப் போகாதீர்கள். போகக்கூடிய இடம் வரை ஆட்டோ பிடியுங்கள், மீதிக்கு மகன் லீவு போட்டு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போகட்டும். குவளையை நீங்கள் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், தீக்குச்சியை மாமி உரசட்டும்.