பல் மருத்துவர் பதில்கள்: ஒட்டிய பல் ஏன் விழுந்தது?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 44. லபெத்தில் (பர்மியத் தேயிலை ஊறுகாய்) கிடந்த வறுத்த பட்டாணியைக் கடித்ததில் மேல் முன்பல்லின் ஓரம் உடைந்துவிட்டது. இங்கே ஒரு கிளினிக்கில் பல் நிறத்திலேயே அடைத்தார்கள். மூன்றே மாதத்தில் கழன்று விழுந்தது. எனக்கு வாய் கொஞ்சம்தான் திறக்கும், அதனால் அடைத்தவரும் சிரமப்பட்டார். குன்யா, அதாவது வெற்றிலை பாக்கு, போடுகிற பழக்கம் உண்டு. தை மாதம் மகள் கல்யாணம். மறுபடி அதையே அடைக்கலாமா, இல்லை அப்பா காலத்து ஆட்கள் மாதிரி தங்க உறை போட்டுக்கொள்ளட்டுமா?
— வாசகர், மோல்மீன், பர்மா

பதில்: தங்க உறை வேண்டாம் அண்ணே. உறை போட பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும். ஓரம் மட்டும் போன பல்லில் நல்ல பாகத்தையும் சீவித் தள்ள எனக்கு மனம் வராது. பல் நிற அடைப்பே போதும், முறையாகச் செய்தால் பல வருடம் நிற்கும்.

முன்பு போட்டது ஏன் விழுந்தது? வெள்ளி அடைப்பைக் குழி தோண்டி உள்ளே இறுக்கி வைப்பார்கள். இது அப்படியல்ல, ஒட்டிக்கொண்டு நிற்கும் பொருள். பிசினும் நுண்ணிய கண்ணாடித் தூளும் கலந்த குழைவு. ஒட்டுவதற்கு முன்னால் பல்லின் மேல் பாஸ்பாரிக் அமில ஜெல்லைத் தடவி, அரை நிமிடத்துக்குள் கழுவிவிடுவோம். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அதில் பசை இறங்கி, நீல விளக்கு பட்டதும் இறுகிவிடும். அந்தப் பிடியில்தான் அடைப்பு நிற்கிறது. 1955-ல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த அமில வழியைக் காட்டினார். அப்புறம் குழைவை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் விளக்கில் இறுக்க வேண்டும்.

அமிலம் வைத்துக் கழுவிய இடத்தில் எச்சிலோ ரத்தமோ பட்டால் பிடி போய்விடும். ரங்கூனில் என் கிளினிக்கில் ஒருமுறை இந்தக் கட்டத்தில் கரண்ட் போனது. விளக்கு பாட்டரியில் ஓடும், ஆனால் எச்சில் உறிஞ்சும் மெஷின் நின்றுவிட்டது. பல் நனைந்துவிட்டது. அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கழுவி, முதலிலிருந்து செய்தேன். ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார், பாவம். அதற்குப் பிறகு ஜெனரேட்டர் தயாராக இல்லாமல் முன்பல் வேலையை நான் தொடங்குவதில்லை. வாய் திறக்காத உங்களுக்கு எச்சிலை ஒதுக்கி வைப்பது இன்னும் கஷ்டம். பெரும்பாலும் அங்கேதான் தவறியிருக்கும். இன்னொரு காரணமும் இருக்கலாம்: கீழ்ப்பல் நேராக வந்து அடைப்பில் இடிப்பது. கார்பன் தாளைக் கடிக்கச் சொன்னால் அது தெரிந்துவிடும். இம்முறை மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறம் பற்றியும் ஒன்று. முதலில் வெற்றிலைக் கறையைச் சுத்தம் செய்யட்டும், அப்புறம் பல் ஈரமாக இருக்கும்போதே நிறம் பார்க்கட்டும். காய்ந்த பல் வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கல்யாணப் படத்தில் அந்தப் பல் மட்டும் தனியாகத் தெரியும். பல்லை வெளுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் விட்டு அடைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு பின்னால் வெளுக்காது.

சரி, வாய் கொஞ்சம்தான் திறக்கும் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் என்னை உறுத்துகிறது. கண்ணாடி முன் நின்று ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையா? காரம் பட்டால் கன்னத்தின் உள்பக்கம் எரிகிறதா? அப்படியானால் பாக்கினால் கன்னத்துச் சதை நாராக இறுகிக்கொண்டிருக்கலாம். அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. இறுகிய சதை பழையபடி முழுக்க இளகாது. ஆனால் பாக்கை இன்றே விட்டால் மேலும் இறுகாமல் தடுக்க வாய்ப்பு உண்டு. பல் அடைப்பு பத்து நாள் தள்ளிப்போனால் ஒன்றுமில்லை. இந்த வாரமே வாயைக் காட்டுங்கள் அண்ணே, முதலில் அதைக் காட்டுங்கள்.

கேள்வி: பேரனுக்கு ஒன்பது வயது. பந்து விளையாடும்போது விழுந்து முன்பல் பாதி உடைந்துவிட்டது. துண்டை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். அது பயன்படுமா?
— வாசகி, பெகு

பதில்: நல்ல காரியம் செய்தீர்கள் பாட்டி. காகிதத்திலிருந்து எடுத்து ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீரில் போடுங்கள். காய்ந்து வெள்ளையாகியிருந்தாலும் ஊறினால் நிறம் திரும்பும். துண்டு பொருந்தினால் மேலே சொன்ன அதே பசையால் அதையே ஒட்டிவிடலாம். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாகவோ ரோஸ் நிறத்திலோ புள்ளி தெரிந்தால் நரம்பு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் நாளைக்கென்று வைக்காமல், டம்ளரோடு அவனை இன்றே அழைத்துக்கொண்டு போங்கள்.