மொரிசோவின் ‘தொட்டில்’: எந்த பிரிண்டை வாங்குவது?

கேள்வி: தோழிக்கு முதல் குழந்தை பிறந்திருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிசோவின் ‘தொட்டில்’ ஓவியத்தை ஃபிரேம் போட்டுப் பரிசளிக்க விரும்புகிறேன். இணையத்தில் ஒரு பிரிண்ட் மஞ்சளாகவும் இன்னொன்று நீலமாகவும் தெரிகிறது; எது சரி? எந்த அளவில் வாங்குவது? படத்திலுள்ள தாயின் முகம் வாடியிருப்பதாக வீட்டில் தயங்குகிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். அந்த முகத்தில் இருப்பதைச் சோகம் என்று முடிவுகட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. 1872இல் பாரிஸில் வரையப்பட்ட இந்த ஓவியத்தில் இருப்பவர் மொரிசோவின் அக்கா எட்மா. உறங்குவது அவருடைய மகள் பிளான்ஷ். சகோதரிகள் இருவரும் ஒன்றாகவே ஓவியம் பயின்றவர்கள், 1864 முதல் பாரிஸ் சலோன் என்ற பெரிய ஓவியக் கண்காட்சியில் ஒன்றாகவே படங்களை வைத்தவர்கள். 1869இல் ஒரு கடற்படை அதிகாரியை மணந்த பிறகு எட்மா ஓவியத் தொழிலைக் கைவிட்டார். தன்னோடு தூரிகை பிடித்த அக்காவைத் தங்கை பார்க்கும் பார்வை இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், கன்னத்தில் கை ஊன்றிய அந்த முகத்தில் அன்பும் அசதியும் யோசனையும் சேர்ந்தே இருப்பது புரியும். புதிதாகத் தாயான ஒரு பெண்ணுக்கு, சிரித்த முகத்தோடு அச்சிட்ட வாழ்த்து அட்டையைவிட இது நெருக்கமானதாக இருக்கும் என்றே நம்புகிறேன்.

நிறத்தைப் பொறுத்தவரை, தொட்டிலின் மேல் விழும் மெல்லிய வலைத்திரையைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். அந்தத் திரையை எட்மா நமக்கும் குழந்தைக்கும் நடுவே இழுத்துப் பிடித்திருக்கிறார். குழந்தையை நாம் அதன் வழியாகத்தான் பார்க்கிறோம். திரையின் வெண்மை ஒரே வெண்மை அன்று: மடிப்புகளில் நீலம் கலந்த சாம்பல், விளிம்பில் இளஞ்சிவப்புச் சாயல், குழந்தையின் முகத்தருகே உடலின் நிறம் ஊடுருவும் ஒரு வெதுவெதுப்பு. மஞ்சள் ஏறிய பிரிண்டில் இவையெல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். நீலம் ஏறியதில் குழந்தையின் கன்னம் வெளிறிவிடும். ஆகவே திரைக்குள் குழந்தையின் முகம் தெளிவாகத் தெரிந்து, அதே சமயம் திரை முன்னால் இருப்பதும் உணரப்படுகிற பிரிண்டே சரியானது. எட்மாவின் கழுத்தில் கட்டிய கறுப்புப் பட்டை நல்ல கறுப்பாக இல்லாமல் சாம்பலாகத் தெரிந்தால், அந்த பிரிண்டை ஒதுக்கிவிடுங்கள். ஐயம் தீராவிட்டால், மூல ஓவியத்தை வைத்திருக்கும் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தின் இணையதளப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மூலம் ஏறத்தாழ 56 செ.மீ. உயரமும் 46 செ.மீ. அகலமும் கொண்டது, அதைவிடப் பெரிதாக்குவதில் பயனில்லை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஏ3 தாள் இந்த விகிதத்துக்கு ஒல்லியானது என்பதால், தாளை நிரப்பும்படி அச்சிட்டால் பக்கங்களில் மொத்தம் சுமார் 14 சதவீதம் வெட்டுப்படும். அப்படி வெட்டுப்படும்போது இடப்புறம் எட்மாவும் வலப்புறம் சரியும் திரையும் குறுகிவிடும். தாயின் மடங்கிய இடக்கை, அதற்கு எதிரொலிபோல் மடங்கியிருக்கும் குழந்தையின் கை, தாயின் பார்வை ஆகியவை சேர்ந்து உருவாக்கும் சாய்வுக்கோட்டில்தான் இந்தப் படத்தின் உயிர் இருக்கிறது. அதைச் சுற்றிய இடத்தைக் குறைக்கக் கூடாது. 40 x 33 செ.மீ. அளவில் முழுமையாக அச்சிட்டு, மவுண்ட் போர்டுடன் (படத்தைச் சுற்றி விளிம்பாக வைக்கும் கெட்டி அட்டை) 16 x 20 அங்குல ஃபிரேமில் வைக்கச் சொல்லுங்கள். மொரிசோ 1895இல் மறைந்துவிட்டதால் ஓவியத்துக்குப் பதிப்புரிமைச் சிக்கலும் இல்லை.

கான்வாஸ் பிரிண்டைவிட, பளபளப்பில்லாத பருத்தித் தாளில் பிக்மென்ட் மையால் (நிறமித் துகள் கலந்த மை) அச்சிட்டதையே பரிந்துரைக்கிறேன். கான்வாஸின் முரட்டு இழை, வலைத்திரையின் மென்மையோடு மோதும். வெளிச்சம் பிரதிபலிக்காத கண்ணாடி சற்று விலை கூடுதலானாலும் இந்தப் படத்துக்கு அது அவசியம், ஏனெனில் சாதாரணக் கண்ணாடியில் ஜன்னலின் பிரதிபலிப்பு விழுந்தால் முதலில் மறைவது இந்த மெல்லிய வெண்மைகள்தாம். நேரடி வெயில் படாத சுவரில் மாட்டும்படி தோழியிடம் சொல்லுங்கள். கண்ணாடி போட்ட எந்தப் படத்தையும் குழந்தை தூங்கும் இடத்துக்கு நேர் மேலே மாட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.