மருமகள் தேனைத் தடுத்தது பற்றி

சகோதரி, எட்டு மாதப் பேரனின் இருமலுக்குத் தேன் கொடுக்கப் போனபோது மருமகள் கரண்டியைப் பிடுங்கிவிட்டாள், இனி அந்த வீட்டில் எனக்கென்ன வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். பிடுங்கிய விதம் தவறுதான். ஆனால் விஷயத்தில் நியாயம் அவள் பக்கம். தேனில் சில சமயம் இருக்கும் ஒரு நுண்ணுயிரின் வித்துகள், ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்துபோகும், மூச்சே திணறலாம். காய்ச்சினாலும் அவை எளிதில் சாவதில்லை. நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றால், அது நம் அதிர்ஷ்டம்.

நானும் என் பிள்ளைகளைக் குப்புறப் போட்டுத்தான் தூங்க வைத்தேன். மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு என்ற பிரசாரம் 1990-களில்தான் பல நாடுகளில் பரவியது. பேத்தி பிறந்தபோது என் மகள் இதைச் சொல்ல, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நானும் வருகிறேன் என்று கேளுங்கள். அவர் வாயால் கேட்டால் அவ்வளவாக உறுத்தாது. இருமல் இன்னும் நிற்கவில்லையென்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம், நாளையே காட்டிவிடுங்கள்.