‘பட்’ வந்த பிறகுதான் பேசுபவரின் பக்கம் தெரியும்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ (இருந்தபோதிலும்) என்று தொடங்கிய வாக்கியத்தில் ‘பட்’ (ஆனால்) சேர்த்தால் எங்கள் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுகிறார். இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? அழுத்தத்துக்காக இரண்டையும் எழுதினால் என்ன தவறு?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் ஒரே இடத்தில் முரணைக் காட்ட முனைவதுதான் சிக்கல். ‘பட்’ சம மதிப்புள்ள இரண்டு வாக்கியங்களை இணைக்கும் சொல். ‘ஆல்தோ’வோ தான் தலைமை தாங்கும் வாக்கியத்தைத் துணை வாக்கியமாக இறக்கிவிடும் சொல். ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் வி ப்ளேய்ட்’ என்று எழுதினால், மழை பெய்த செய்தியை முதலில் துணையாக்கிவிட்டு, அடுத்த நொடியிலேயே அதைச் சமமானதாகவும் நடத்துகிறோம். ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், வி ப்ளேய்ட்’ என்றோ ‘இட் ரெய்ன்ட், பட் வி ப்ளேய்ட்’ என்றோ எழுதினால் போதும்.

இந்தப் பிழை நம்மவர்களிடம் ஏன் விடாமல் தொடர்கிறது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. ‘மழை பெய்தும் விளையாடினோம்’ என்னும்போது முரணைக் காட்டும் ‘உம்’ இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ வாக்கியத்தின் வாசலிலேயே வந்துவிடுவதால், சந்திக்கும் இடத்தில் ஒரு காற்புள்ளியைத் தவிர வேறெதுவும் இல்லை. அங்கே ஏதோ குறைவதாக நம் காது உணர்கிறது. கை உடனே ‘பட்’டை எழுதிவிடுகிறது.

‘பட்’டுக்குத் தடை இருந்தாலும் ‘யெட்’டுக்கு (ஆயினும்) இல்லை. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் யோபு ஆகமத்தில் ‘தோ ஹி ஸ்லே மி, யெட் வில் ஐ டிரஸ்ட் இன் ஹிம்’ என்று வருகிறது. அவர் என்னைக் கொன்றாலும் அவரையே நம்புவேன் என்பது பொருள். இங்கே ‘யெட்’ வினையடையாக நிற்பதால் இலக்கணம் இடம் தருகிறது. இன்று அந்த நடை சற்றுப் பழமையாக ஒலிக்கும். தேர்வுத் தாளில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: ‘பட்’, ‘ஆல்தோ’ இரண்டில் எதைப் போட்டாலும் செய்தி ஒன்றுதான் என்றால், ஆங்கிலேயர்கள் எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?
– மனிதவளத் துறை அலுவலர், கோயம்புத்தூர்

பதில்: செய்தி ஒன்றுதான், சாய்வு வேறு. நீங்கள் பணியாளர் மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவராக இருப்பீர்கள் என்பதால் உங்கள் மேசையிலிருந்தே எடுத்துக்காட்டு தருகிறேன். ‘ஹி இஸ் ஸ்லோ, பட் ஹி இஸ் கேர்ஃபுல்’ என்று எழுதினால் அந்த ஊழியரின் வேலை தப்பிக்கும். ‘ஹி இஸ் கேர்ஃபுல், பட் ஹி இஸ் ஸ்லோ’ என்று எழுதினால் பதவி உயர்வு தள்ளிப்போகும். மந்தம், கவனம் என்ற இரண்டு தகவல்களும் இரண்டு வாக்கியங்களிலும் அப்படியே இருக்கின்றன. ‘பட்’டுக்குப் பின்னால் எது நிற்கிறதோ அதுவே எழுதியவரின் முடிவாகப் படிக்கப்படுகிறது. ‘ஆல்தோ’வில் கணக்கு நேர்மாறானது: அதை ஒட்டி வரும் செய்தி ‘ஒப்புக்கொள்கிறேன், அதனால் ஒன்றும் மாறிவிடாது’ என்று ஒதுக்கப்பட்டதாகிறது. ஆகவே ‘ஆல்தோ ஹி இஸ் ஸ்லோ, ஹி இஸ் கேர்ஃபுல்’ என்பதும் ஊழியருக்குச் சாதகமானதே. எழுதுபவர் எதிர்த்தரப்பின் வாதத்தை ஒப்புக்கொண்டது போலவும் இருக்கவேண்டும், அதற்கு இடம் கொடுக்கவும் கூடாது என்னும்போது ஆங்கிலக் கட்டுரையாளர்கள் ‘ஆல்தோ’வையோ ‘வைல்’ என்ற சொல்லையோ நாடுவது இதனால்தான்.

தருக்க நூலாரையும் ‘பட்’ விட்டுவைக்கவில்லை. ஜெர்மானியக் கணித அறிஞர் காட்லோப் ஃப்ரேகே 1879-இல் தாம் வகுத்த தருக்கக் குறியீட்டில் ‘மற்றும்’, ‘ஆனால்’ ஆகிய இரண்டுக்கும் வேறுபாடு காட்டவில்லை. இரண்டு கூற்றுகளும் உண்மையாக இருந்தால் வாக்கியமும் உண்மை, அவ்வளவே. ‘ஆனால்’ என்பவர், அடுத்து வருவது கேட்பவர் எதிர்பார்த்ததற்கு மாறானது என்று கோடிகாட்டுகிறார் என்பதுதான் அவர் சொன்ன விளக்கம். அந்தக் கோடிகாட்டல் எவ்வளவு பொல்லாதது என்பதை 1961-இல் ஆங்கிலத் தத்துவவாதி பால் கிரைஸ் எடுத்துக்கொண்ட ஒரு வாக்கியம் காட்டும்: ‘ஷி வாஸ் புவர், பட் ஷி வாஸ் ஆனஸ்ட்’. அவள் ஏழை, அவள் நேர்மையானவள் என்ற இரண்டு தகவல்களுக்கு நடுவே, ஏழைகளிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது என்ற எண்ணமும் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதால், மறுப்பதும் கடினமாகிவிடுகிறது. மதிப்பீட்டு அறிக்கையில் ஒருவருடைய ஊரையோ வயதையோ சொல்லி ‘பட்’ போட்டுப் பாராட்டுபவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஷேக்ஸ்பியரின் ‘ஆண்டனி அண்ட் கிளியோபாட்ரா’ நாடகத்தில் ரோமிலிருந்து வந்த தூதன், ஆண்டனி நலம், சீசரோடு நட்பாகிவிட்டார் என்று நல்ல செய்திகளாகவே சொல்லிக்கொண்டு வந்து, ‘பட் யெட், மேடம்’ என்று இழுப்பான். அடுத்த சொல் வருவதற்குள், ஆண்டனியைக் காதலிக்கும் அரசி கிளியோபாட்ரா சீறுவாள்: அந்த ‘பட் யெட்’ எனக்குப் பிடிக்கவில்லை, முன்னே சொன்ன நன்மையை அது கெடுக்கிறது, கொடிய குற்றவாளி ஒருவனை வெளியே கொண்டுவரும் சிறைக்காவலனைப் போல அது நிற்கிறது என்பாள். அவள் பயந்தபடியே, ஆண்டனி சீசரின் சகோதரி ஆக்டேவியாவை மணந்துகொண்ட செய்தி பின்னால் வருகிறது.

கேள்வி: ‘ஈவன் தோ’, ‘ஈவன் இஃப்’ குழப்பம் தீரவே இல்லை. எளிய வழி உண்டா?
– போட்டித் தேர்வு எழுதுபவர், மதுரை

பதில்: தமிழிலேயே வழி இருக்கிறது. ‘மழை பெய்தும் போனேன்’ என்றால் மழை பெய்தது உறுதி. அது ‘ஈவன் தோ’. ‘மழை பெய்தாலும் போவேன்’ என்றால் பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். அது ‘ஈவன் இஃப்’. எழுதுவதற்கு முன் வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து, ‘தும்’ வருகிறதா ‘தாலும்’ வருகிறதா என்று கவனியுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: பேச்சில் நாம் நடந்து முடிந்த செய்திக்கும் ‘தாலும்’ போட்டுவிடுவது உண்டு. ஐயம் வந்தால் ‘அது உண்மையில் நடந்ததா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாக்கியத்தை ‘பட்’டில் தொடங்கக் கூடாது என்பது உண்மையா?
– ஓய்வுபெற்ற எழுத்தர், வேலூர்

பதில்: இல்லை. 1776-இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலும், 1863-இல் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் ஆற்றிய உரையிலும் ‘பட்’டில் தொடங்கும் வாக்கியங்கள் உள்ளன. சிறுவர்கள் ஒவ்வொரு வரியையும் அப்படித் தொடங்கிவிடுவார்களே என்று வகுப்பறையில் வைத்த கட்டுப்பாடாக இருக்கலாம்; பெரியவர்கள் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு அவதிப்பட வேண்டியதில்லை.

கேள்வி: அலுவலக மின்னஞ்சல்களில் ‘பட்’டுக்குப் பதிலாக ‘ஹவெவர்’ (எனினும்) போடுகிறேன். வெளிநாட்டு மேலாளர் நிறுத்தக்குறிகளை மட்டும் திருத்தி அனுப்புகிறார். அவரோ பேசும்போது ‘தோ’வை வாக்கியத்தின் கடைசியில் போடுகிறார். அது சரிதானா?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: ‘ஹவெவர்’ இணைப்புச் சொல் அன்று, வினையடை. எனவே இரண்டு முழு வாக்கியங்களை ஒரு காற்புள்ளியையும் ‘ஹவெவர்’ரையும் மட்டும் வைத்து ஒட்ட முடியாது, அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ, அதற்குப் பின் காற்புள்ளியும் தேவை. திருத்தியவர் பக்கமே நியாயம். ஒவ்வொரு ‘பட்’டையும் ‘ஹவெவர்’ ஆக்கினால் மின்னஞ்சல் வழக்கறிஞர் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் வரும் ‘தோ’வும் சரியே, பேச்சுக்கு உரியது. ‘தி ரூம் இஸ் ஸ்மால். இட்ஸ் க்ளீன், தோ’ என்பவர், முதலில் சொன்னதைத் திரும்பப் பெறாமல், கொஞ்சம் தணிக்கிறார்: ‘அறை சின்னதுதான், சுத்தமாக இருக்கிறது’ என்பது போல.

இந்தத் ‘தான்’ கவனிக்கத்தக்கது. ‘நல்ல பையன்தான்…’ என்று ஒருவர் இழுத்தாலே, பின்னால் ஓர் ‘ஆனால்’ காத்திருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலேயர் இதே வேலையைத் துணைவினையை அழுத்திச் செய்கிறார்கள். ‘ஐ டிட் கால் ஹிம்’ என்று ‘டிட்’டை அழுத்திச் சொன்னால் ‘நான் கூப்பிட்டேன்தான்’ என்று பொருள்; ‘பட்’ பெரும்பாலும் அடுத்து வரும், வராவிட்டாலும் கேட்பவர் அதை ஊகித்துக்கொள்வார். தொலைபேசிக் கூட்டங்களில் மேலாளர் ‘ஐ டூ லைக் தி டிசைன்’ என்று ‘டூ’வை அழுத்தினால், உடனே மகிழ்ந்துவிடாமல் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருங்கள்.

கேள்வி: கிரயப் பத்திரங்களில் வரும் ‘வேர்ஆஸ்’ முரணைக் காட்டுகிறதா? எங்கள் பத்திரத்தில் எதற்கு எது முரண் என்றே புரியவில்லை.
– வாசகர், நாமக்கல்

பதில்: அங்கே முரண் எதுவும் இல்லை. ‘என் தம்பி உயரம், நானோ குள்ளம்’ என்று இரண்டை எதிரெதிரே நிறுத்தும்போது வருவது ஒரு ‘வேர்ஆஸ்’. பத்திரத்தின் தொடக்கத்தில் வருவது, பின்னணி விவரங்களை முன்வைக்கும் பழைய சட்ட வழக்கு. சொத்து இன்னாருக்கு இன்ன வகையில் பாத்தியமானது என்பன போன்ற செய்திகள் அதன்கீழ் அடுக்கப்படும். உங்கள் பத்திரத்தில் அதை ‘எனவே’க்கு முன் வரும் ‘இப்படி இருப்பதால்’ போலப் படித்துக்கொண்டு, ‘நவ் திஸ் டீட்’ என்று தொடங்கும் இடத்திலிருந்து நிதானமாகப் படியுங்கள். கிரயத்தின் உண்மையான ஏற்பாடு அங்கேதான் ஆரம்பிக்கிறது.