டிக்கெட் வாங்கும் முன் திரும்பி வர பஸ் இருக்கா பாருங்க

கேள்வி: சென்னை ஈ.சி.ஆரில் நடக்கும் ஒரு இசைக் கச்சேரிக்கு நானும் அக்காவும் போக ஆசைப்படுகிறோம். ஆப்பில் 'சோல்ட் அவுட்' என்று வருகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் பாதி விலைக்கு க்யூஆர் கோடு அனுப்புவதாகச் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம்மா. விற்றுத் தீர்ந்த டிக்கெட் ஒன்று கையில் இருந்தால் யாராவது பாதி விலைக்கா தருவார்கள்? ஒரே க்யூஆர் ஸ்கிரீன்ஷாட்டைப் பத்துப் பேருக்கு விற்கலாம், வாசலில் முதலில் ஸ்கேன் பண்ணுகிறவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேருக்கும் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று மெஷின் காட்டும், அங்கே நிற்கிற பையனிடம் ஜிபே ரசீதைக் காட்டி மன்றாடியும் பிரயோஜனம் இல்லை. ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ஆப்பையே திரும்பத் திரும்பப் பாருங்கள். டிக்கெட்டைப் பகுதி பகுதியாகத்தான் விடுவார்கள், பணம் கட்டும்போது பாதியில் விட்டவர்களின் இடமும் திரும்ப வரும். கிடைத்தால் சில்வர், கோல்டு என்ற பெயரில் மயங்காமல் நாற்காலிக்கு நம்பர் இருக்கிறதா, இல்லை நின்றுகொண்டே பார்ப்பதா என்று முதலில் பாருங்கள். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரியில் டிக்கெட் வைத்திருந்த எத்தனையோ பேர் உள்ளேயே போக முடியாமல் திரும்பியது நினைவிருக்கும். நம்பர் இல்லாத இடம் என்றால் சீக்கிரம் போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்புறம், 500 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, ஆப்பின் சேவைக் கட்டணம் தனி, அதனால் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கு டிக்கெட்டை விடப் பெரிய தலைவலி திரும்பி வருவதுதான். திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் அனுமதி, எனவே கச்சேரி அதை ஒட்டித்தான் முடியும். சென்ட்ரலில் பதினொரு மணியை ஒட்டிக் கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஈ.சி.ஆரில் கார் பார்க்கிங்கிலிருந்து வெளியே வரவே நேரம் சரியாகிவிடும். கிளாம்பாக்கம் போய் சேலம் பஸ் ஏறுங்கள், நள்ளிரவுக்குப் பிந்தைய பஸ்ஸாகப் பார்த்து இருக்கையை முன்பதிவு செய்துவிட்டு, அதன் பிறகு கச்சேரி டிக்கெட்டை வாங்குங்கள்.

கேள்வி: கச்சேரி டிக்கெட்டுக்கு யுபிஐயில் பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. கேட்டால் 'பொறுங்கள்' என்றே பதில் வருகிறது.
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: பதற்றத்தில் இன்னொரு தடவை பணம் கட்டிவிடாதீர்கள். பணம் டிக்கெட் விற்பவருக்குப் போய்ச் சேர்ந்தது உறுதியாகாவிட்டால் 5 நாளுக்குள் தானாக உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்பது ரிசர்வ் வங்கி விதி. யுடிஆர் நம்பரோடு (பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்) வங்கியில் புகார் கொடுங்கள். பணம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தும் டிக்கெட் வரவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதுவும் நகராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் மும்பையில் இருந்தால் மும்பைக்கு ஓட வேண்டியதில்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரே போதும், நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. இது நம் ஊரில் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: ஏற்காடு கோடை விழாவில் பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் எங்கே வாங்குவது?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: கலை நிகழ்ச்சிகள் பொதுவாக இலவசம்தான், அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சிக்கு நுழைவுச்சீட்டு உண்டு. கூட்ட நாளில் அஸ்தம்பட்டி வழியாக ஏறி குப்பனூர் வழியாக இறங்கச் சொல்வார்கள், அதனால் பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள்.