நகர்த்தும் தடுப்பும் வீட்டு நாயும்: கேள்வி பதில்

கோவில்பட்டிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல் கிரில், கேட் எல்லாம் அடித்தாலும், இருபது வருடமாக எனக்குப் பிடித்த வேலை நாய்களுக்கு நகர்த்தும் தடுப்பு செய்து கொடுப்பதுதான். வீட்டில் இப்போது மூன்று நாய்கள்: இரண்டு சிப்பிப்பாறை, ஒரு நாட்டு நாய். இந்தத் தடுப்பில் கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு கம்பிவலைச் சட்டத்தையும் பட்டறையில் 'தட்டி' என்போம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

கேள்விகளுக்கு முன்னால் ஒன்று. தடுப்புக்குள் விடும்போது நாயின் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். ஏன் என்று கீழே வரும்.

மதுரை, திருநகர்: அண்ணே, வீட்டுக்குப் பின்னால் 30-க்கு 40 அடி இடம் இருக்கிறது. ராஜபாளையம் குட்டி, எட்டு மாதம். சுவர் எழுப்பவா, தட்டி போடவா? எத்தனை தட்டி வேண்டும்?

தட்டி போடுங்கள் தம்பி. எட்டு மாதக் குட்டிக்குச் சரியான இடம் எது என்று இன்னும் உங்களுக்கே தெரியாது. ஒரு வருடம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தால், நிழல் எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் நின்றால் தெருவைப் பார்த்துக் குரைக்கிறது என்பதெல்லாம் பிடிபடும். சுவர் வேண்டுமா என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

நான்கு அடி அகலம், ஆறு அடி உயரத்தில் எட்டு தட்டி எடுங்கள். அந்த எட்டை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நடு வெளியில் சதுரமாக நிறுத்தினால் 8-க்கு 8, அதாவது 64 சதுர அடி. வீட்டுச் சுவரை ஒரு பக்கமாக வைத்து மூன்று பக்கம் நிறுத்தினால் 16-க்கு 8, 128 சதுர அடி. இரண்டு மதில் சேரும் மூலையில் 'ட' மாதிரி நிறுத்தினால் 16-க்கு 16, 256 சதுர அடி. இரும்பு அதேதான், இடம் நான்கு மடங்கு. கூடுதலாகத் தட்டி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் மூலையைக் காட்டச் சொல்வேன். மதிலும் ஆறு அடி இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு ஒரு அங்குலச் சதுரக் குழாய், 16 கேஜ். வலைக்கு 12 கேஜ் வெல்டு வலை. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 14 கேஜ் கம்பி இரண்டு மில்லிதான், 12 கேஜ் 2.6 மில்லி வரும். கடையில் 'இதுவும் அதே வலைதான், விலை குறைவு' என்று 14-ஐக் கொடுப்பார்கள், ராஜபாளையம் ஒரு மாதத்தில் வளைத்துவிடும். கோழி வலை வேண்டவே வேண்டாம். நடுவில் ஒரு குறுக்குக் குழாயோடு ஒரு தட்டி 12 கிலோ சுற்று வரும், வீட்டில் ஒருவரே தூக்கி நகர்த்தலாம். அதற்கு மேல் கனம் போனால் நகர்த்த மாட்டீர்கள், நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

தஞ்சாவூர்: கொல்லையில் சிமென்ட் தரை. தட்டி நிற்குமா?

நேர்கோட்டில் நிற்காது. கோணம் கொடுத்தால் நிற்கும். நான்கு தட்டிக்கு ஒரு மூலை கட்டாயம் வர வேண்டும். சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டினால் இன்னும் நல்லது.

சிவகாசி: என் சிப்பிப்பாறை கழுத்துப்பட்டையோடுதான் பழக்கம். கழற்றினால் பிடிக்க முடியாது. கட்டாயம் கழற்ற வேண்டுமா?

கட்டாயம். 2014-ல் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வலையை வெட்டி மேல் விளிம்பில் மடிக்காமல் விட்டிருந்தேன். அரை அங்குலக் கம்பி முனைகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறது. திடீரென்று குரைப்பு நின்றது. அந்த அமைதிதான் என்னை எழுந்து ஓட வைத்தது. தாண்டக் குதித்த நாயின் பட்டையில் இருந்த வளையம் ஒரு கம்பி முனையில் மாட்டியிருந்தது. பின்னங்கால் விரல்கள் மட்டும் தரையில் பட்டும் படாமலும். நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன், என் மனைவி கட்டிங் பிளேயரால் பட்டையை வெட்டினாள். பிழைத்துக்கொண்டது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் போயிருக்கும்.

அன்றிலிருந்து மேல் விளிம்பு வலையைக் குழாய்க்குள் மடித்து வெல்டு வைக்காமல் ஒரு தட்டியும் என் பட்டறையை விட்டுப் போனதில்லை. பிடிப்பதற்கு வழி: கதவருகே இரண்டு தட்டியால் ஒரு சின்ன முன்னறை மாதிரி செய்யுங்கள். உள் கதவைத் திறந்து நாயை அதற்குள் விட்டு, மூடி, பட்டையை மாட்டி, அப்புறம் வெளிக் கதவு. ஒரே வாரத்தில் நாய் கற்றுக்கொள்ளும்.

திருநெல்வேலி: தோண்டித் தோண்டி அடிவழியே வெளியே வந்துவிடுகிறது. என்ன செய்ய?

தட்டியின் அடியில் ஒன்றரை அடி அகல வலையை உள்பக்கமாகத் தரையோடு படுக்க வைத்துக் கட்டுங்கள், மேலே நான்கைந்து கல். நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டும், காலில் வலை பட்டால் விட்டுவிடும். ஒன்றரை அடி பின்னால் நகர்ந்து தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. ஆனால் நாள் முழுக்கத் தோண்டுகிற நாய்க்கு வேலை இல்லை என்று அர்த்தம். காலையில் நடக்கக் கூட்டிப்போங்கள்.

விளாத்திகுளம்: எங்கள் புறவாசல் கரிசல் மண். கம்பம் ஊன்றினால் சாய்கிறது. தட்டியும் சாயுமா?

கரிசலில் ஊன்றிய எதுவும் நேராக நிற்காது. கோடையில் விரல் நுழைகிற அளவு வெடிக்கும், ஐப்பசி மழைக்கு ஊதும், கம்பம் கோணிக்கொள்ளும். நான் இந்தத் தொழிலுக்குள் வந்ததே அதனால்தான். ஊன்றாமல் மேலே நிற்கிற தட்டிக்கு மண் எப்படி அசைந்தாலும் கவலையில்லை. தட்டியின் காலுக்கு அடியில் நான்கு அங்குலத் தகடு ஒன்று வெல்டு வைத்தால் சேற்றில் இறங்காது. இணைப்புக்குப் போல்ட் வேண்டாம், மேலிருந்து ஆணி இறக்கி மாட்டுகிற கீல் வையுங்கள். தரை மேடு பள்ளமாக இருந்தாலும் அது கொஞ்சம் ஆடிக் கொடுக்கும்.

சென்னை, மடிப்பாக்கம்: மொட்டை மாடியில் போடலாமா?

கூடாது. வெயில், சுடுகிற தரை, காற்றுக்குத் தட்டி பறக்கும்.

ஈரோடு: நாங்களே வெல்டிங் வைக்கலாம் என்று இருக்கிறோம். ஜிஐ குழாய் வாங்கலாமா?

வாங்கலாம், அது துத்தநாகம் பூசிய இரும்பு, சீக்கிரம் துரு பிடிக்காது. ஆனால் ஜிஐயில் வெல்டு வைத்தால் வருகிற வெள்ளைப் புகை துத்தநாகப் புகை. அதை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டு வைக்கிற இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுங்கள், திறந்த வெளியில் வையுங்கள், முடித்ததும் அந்த இடத்தில் சிங்க் பெயின்ட் அடியுங்கள். குழாய் வாயை எல்லாம் மூடியால் அடைத்துவிடுங்கள். திறந்து விட்டால் உண்ணிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. வயிறு முட்ட ரத்தம் குடித்த உண்ணி நாயை விட்டு இறங்கி, இடுக்கு தேடிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போட்டுக்கொண்டே இருப்பீர்கள், குழாய்க்குள் இருந்து வந்துகொண்டே இருக்கும்.

தாராபுரம்: ஐயா, குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் ஆட்டுப்பட்டி போடுகிறோம். படலுக்கு உள்ளே ஆடு, வெளியே நாய். நாயை உள்ளே அடைப்பது நகரத்துப் பழக்கம். எங்கள் அப்பாரு காலத்தில் எந்த நாயையும் அடைத்ததில்லை.

நல்ல கேள்வி ஐயா. உங்கள் பட்டியிலிருந்துதான் நானும் கற்றேன். காட்டில் பட்டி போட்டு, ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும் உரமாக விழுந்ததும் படலைக் கழற்றி அடுத்த இடத்துக்கு மாற்றுவார்கள். எங்கள் பக்கம் அதையே கிடை என்பார்கள். வேலி என்றால் நகர்வது என்பது நம் ஊருக்குப் புதிதில்லை.

ஆனால் உங்கள் அப்பாருவின் நாய்க்கு ராத்திரி முழுக்க வேலை இருந்தது, பகலில் ஆட்டோடு நடை இருந்தது, சுற்றிலும் காடு இருந்தது. இன்று அதே நாயை இருபுறமும் பஸ் ஓடுகிற தெருவில் வைத்திருக்கிறோம்.

அருப்புக்கோட்டை: அப்படியானால் சங்கிலி போதுமே? தலைமுறை தலைமுறையாகச் சங்கிலிதானே?

கோவை: சங்கிலியில் கட்டுவது சட்டப்படியே குற்றம்!

அருப்புக்கோட்டை: எந்தச் சட்டம்? ஊரில் பாதி வீட்டில் கட்டியிருக்கிறார்கள். கட்டாமல் விட்டு யாரையாவது கடித்தால் நீங்களா வருவீர்கள்?

தாராபுரம்: கட்டவும் வேண்டாம், அடைக்கவும் வேண்டாம். பழக்கினால் போதும்.

மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் பாருங்கள். நியாயமில்லாத அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில், நியாயமில்லாத நேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் குற்றம். 'கட்டியோ அடைத்தோ' என்பதைக் கோவைத் தம்பி கவனிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கட்டுவது குற்றமில்லை. நான் செய்து கொடுக்கிற தட்டிக்குள் நாள் முழுக்கப் போட்டு மறந்துவிட்டால், அதுவும் அந்தப் பிரிவுக்குள்தான் வரும்.

அருப்புக்கோட்டை அண்ணாச்சிக்கு: சங்கிலியில் இருக்கும் நாயால் விலகிப் போக முடியாது. குழந்தை ஓடி வந்தால், வேறு நாய் வந்தால், அதற்குத் தெரிந்த ஒரே வழி முந்திக்கொண்டு பாய்வது. தடுப்புக்குள் இருந்தால் பத்தடி பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். வேலைக்கு வந்தவர்கள் போகிற வரை ஒரு மணி நேரம் கட்டுங்கள், நானும் கட்டுவேன். வாழ்க்கை முழுக்கச் சங்கிலி என்றால் என் மனம் ஒப்பாது.

தாராபுரம் ஐயாவுக்கு: பழக்கிய நாயும் தெருவில் பெட்டை வாசம் வந்தால் ஓடும்.

அருப்புக்கோட்டை: கடிக்கிற நாய் தடுப்பிலும் கடிக்கும்.

அண்ணாச்சி, பலநாள் கட்டிப்போட்ட நாயை ஒரு மாதம் தடுப்பில் விட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

விருதுநகர்: என்ன உயரம் போதும்?

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் இன நாய்களுக்கு ஆறு அடி. மேலே சொல்லியிருக்கிறேன்.

நாமக்கல்: புழக்கடையில் காய்கறிப் பாத்தி, நாலு கோழி. நாய் இரண்டையும் விடுவதில்லை. நாய்க்கு எவ்வளவு பெரிய தடுப்பு போடலாம்?

நாய்க்குப் போடாதீர்கள் அம்மா. பாத்திக்கும் கோழிக்கும் போடுங்கள். எட்டு தட்டியின் 32 அடிச் சுற்றுக்குள் உங்கள் பாத்தி அடங்கிவிடும், மிச்ச இடம் முழுக்க நாய்க்கு. அறுவடை முடிந்ததும் தட்டியை அடுத்த பாத்திக்கு மாற்றுங்கள். இங்கே தாராபுரம் ஐயா சொன்னதுதான் சரி: அடைக்க வேண்டியது எது என்று முதலில் பாருங்கள்.

திண்டுக்கல்: பெட்டை நாய். பருவத்துக்கு வந்தால் தடுப்பு போதுமா?

போதாது. மூன்று வாரம் வீட்டுக்குள் வையுங்கள். ஆண் நாய் ஆறு அடி வலையில் ஏறியே வரும், ஏறாவிட்டாலும் வலை இடுக்கு வழியாகவே சேர்ந்த கதை எனக்குத் தெரியும். அறுபத்து மூன்று நாள் கழித்துக் குட்டிகளோடு நிற்பீர்கள். கருத்தடைக்குக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி: வலையில் லேசாகக் கரண்ட் கொடுத்தால் தாண்டாது என்கிறார்களே?

தயவுசெய்து வேண்டாம். வீட்டு மின்சாரத்தை வேலியில் இழுப்பதில் லேசு என்று எதுவும் இல்லை, அது சட்டவிரோதமும் கூட. 2023 மார்ச்சில் உங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே, அப்படி இழுத்த வேலியில் மூன்று யானைகள் செத்தன. அந்தக் கம்பியில் நாளை உங்கள் வீட்டுப் பிள்ளை கை வைக்கும். இதைப் பற்றி இதற்கு மேல் பேச மாட்டேன்.

சேலம்: என்ன கேஜ் வலை?

12.

கரூர்: பட்டையைக் கழற்ற வேண்டுமா? தளர்வாகப் போட்டால் போதாதா?

தளர்வான பட்டைதான் இன்னும் சுலபமாக மாட்டும். கழற்றுங்கள்.

புதுக்கோட்டை: எத்தனை நாளுக்கு ஒருமுறை நகர்த்துவது?

மண் தரையில் நான்கு நாளுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். மலத்தைத் தினமும் அள்ளுங்கள், அதற்கு நகர்த்துவது மாற்றில்லை. ஈர மண்ணில் கொக்கிப்புழு குஞ்சு பொரித்து நாயின் பாதத் தோல் வழியாகவே உள்ளே போகும், வெறுங்காலோடு நடக்கிற நம் பாதத்திலும் நுழையும். நகர்த்தும்போது நிழலைப் பாருங்கள். காலை ஒன்பது மணி நிழலை நம்பி நிறுத்திவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அந்த இடத்தில் நீங்களே பத்து நிமிடம் நின்று பாருங்கள். உங்களால் நிற்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது.

திருச்சி: ஒரே தடுப்பில் நடுவே பிரித்து இரண்டு நாய் விட்டோம். நாள் முழுக்க வலையின் இருபக்கமும் ஓடி ஓடிச் சண்டை. கம்பியைக் கடிக்கின்றன.

நடுத் தட்டியில் கீழிருந்து மூன்றடிக்குச் சாக்கு கட்டி மறையுங்கள். ஒன்றையொன்று பார்க்காவிட்டால் பாதி அடங்கும். கம்பி கடித்தால் கோரைப் பல்லின் பின்பக்கம் தேய்ந்து ஒருநாள் முறியும். சாக்கு கட்டியும் ஒரு வாரத்தில் நிற்கவில்லை என்றால் இரண்டுக்கும் இடையே ஆறடி வெற்றிடம் விடுங்கள்.

ராஜபாளையம்: பன்னிரண்டு வயது நாய், கண் தெரியவில்லை. கிணற்றுப் பக்கம் போய்விடுமோ என்று பயம். நகர்த்தும் தடுப்பு உதவுமா?

உதவும். என் வீட்டு நாட்டு நாய் செவலைக்கும் பதிமூன்று வயது, இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்துவிட்டது. கிணற்றைச் சுற்றி நான்கு தட்டி நிறுத்தியிருக்கிறேன். முதல் வாரம் மூக்கால் வலையை உரசிக்கொண்டே சுற்றி வந்தது. இப்போது ஒரு முழம் தள்ளியே திரும்பிவிடுகிறது. படுக்கை, தண்ணீர்ச் சட்டி, வேப்ப மரம் எல்லாம் எத்தனை அடி என்று அதற்குக் கணக்கு இருக்கிறது. ஆகவே இதுவரை எல்லோருக்கும் நகர்த்து நகர்த்து என்று சொன்னதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கிணற்றைச் சுற்றி நிறுத்துங்கள், நிறுத்திய இடத்திலேயே விடுங்கள். பட்டையை மட்டும் கழற்றிவிடுங்கள்.